வீடு நிற்கிறது, தோப்பு எங்கே?

பலெர்மோ நகரின் வடமேற்கு ஓரத்தில், காப்போ கால்லோ மலையடியில் இருக்கிறது ஸ்ஃபெர்ராகவால்லோ. மீனவர் குடியிருப்பு. நகரத்துக்காரர்கள் அங்கே போவது பெரும்பாலும் கடலுணவு சாப்பிடத்தான். நகர மையத்திலிருந்து அந்த ஊர் சுமார் 12 கிலோமீட்டர். வழியில் குறுக்கிடுவது பியானா தெய் கொல்லி என்ற சமவெளி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி நூறாண்டுக்கும் மேலாக, பலெர்மோவின் பிரபுக் குடும்பங்கள் ஒன்றையொன்று மிஞ்சும்படி இங்கே கோடை மாளிகைகளைக் கட்டின. இங்கிலாந்தின் பண்ணை மாளிகைகளுக்கு ஈடாகச் சிசிலியில் எதையாவது காட்டச் சொன்னால் இந்தச் சமவெளியைத்தான் காட்ட வேண்டும். கிழக்கே இருக்கும் பகேரியாவுக்கு அங்குள்ள பலகோனியா மாளிகையின் கோரச் சிலைகள் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டதால் கொல்லியின் மாளிகைகள் சற்று மங்கிப்போயின. அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. நிற்பதாலேயே அவை காப்பாற்றப்பட்டுவிட்டதாக நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பண்ணை மாளிகையில் பாதுகாக்க வேண்டிய முதல் பொருள் அதற்குச் சோறு போட்ட நிலமும், அந்த நிலத்துக்குப் பாய்ந்த நீரும். கொல்லியில் அவை இரண்டும் பெரும்பாலும் போய்விட்டன, மிஞ்சியவை சுவர்கள்.

இந்த மாளிகைகளின் அமைப்பே இதற்குச் சாட்சி. சாலையோரத்தில் பெரிய வாயில், அதிலிருந்து நேராக நீளும் வண்டிப்பாதை, இருபுறமும் வேலைக்காரர் குடியிருப்பும் தொழுவமும் கொண்ட முற்றம், முற்றத்தின் கோடியில் இரட்டைப் படிக்கட்டு ஏறும் மாளிகை. அதற்குப் பின்னால் தொடங்குவது விளைநிலம். முதலில் திராட்சையும் ஆலிவும் கலந்திருந்த அந்த நிலம் 19ஆம் நூற்றாண்டில் எலுமிச்சைக்கு மாறியது. கழுதை சுற்றும் நீர்ச்சக்கரம் கிணற்றிலிருந்து இறைக்கும். நீர் 'ஜெபியா' என்னும் திறந்த தொட்டியில் தேங்கும். 'சாயா' என்னும் கல் வாய்க்கால் வழியாக மரத்தடிப் பாத்திகளுக்குப் போகும். இந்த ஏற்பாடும் பெயர்களும் 9ஆம் நூற்றாண்டில் பலெர்மோவைப் பிடித்த அரபியர் விட்டுச் சென்றவை. இந்தத் தோப்பு வேலையின் ஒரு நுட்பத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் மரத்துக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுவார்கள். இலை சுருண்டு வாடும். மரம் பட்டுவிடுமோ என்று பார்ப்பவர் பதறும் நேரத்தில் மடையைத் திறந்து பாத்தியை நிரப்பினால், ஆகஸ்டு, செப்டம்பரில் பருவம் தப்பிய பூ பூக்கும். அந்தப் பூ அடுத்த கோடையில் பச்சைக் காயாக விளையும். சந்தையில் எலுமிச்சை அருகிப்போய் விலை ஏறியிருக்கும் காலம் அது. வாட்டம் கொடுத்துப் பூக்க வைப்பது புளியங்குடி எலுமிச்சைக்காரர்களுக்கு விளக்க வேண்டிய சங்கதி இல்லை. எத்தனை நாள் வாட்டுவது, எந்த நாளில் மடை திறப்பது என்ற கணக்கு கொல்லித் தோப்புகளின் வேலையாட்கள் கையில் இருந்தது. மாளிகையின் விதான ஓவியத்துக்கு எவ்வளவு கலைத்திறன் வேண்டுமோ அதற்குக் குறையாத திறன் இதற்கும் வேண்டும்.

பணமும் இங்கிருந்துதான் வந்தது. 1795இல் பிரிட்டிஷ் கடற்படை, மாலுமிகளின் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதும் சிசிலித் தோப்புகளுக்குப் பெரிய சந்தை திறந்தது. பிறகு அமெரிக்கச் சந்தை வந்தது. பணம் வந்த இடத்துக்கு மாஃபியாவும் வந்தது. கோடையில் சில நாள் நீர் தவறினாலும் தோப்பு கெட்டுவிடும் என்பதால், நீரைப் பங்கிடுபவனும் தோப்புக் காவல்காரனும் நினைத்தால் உடைமையாளரை மண்டியிட வைக்கலாம். 1876இல் சிசிலியைச் சுற்றி ஆராய்ந்த லியோபோல்தோ ஃபிராங்கெத்தி, வன்முறையை வறுமையின் விளைவாகவே பார்த்துப் பழகியவர். செழித்த எலுமிச்சைத் தோப்புகளுக்கு நடுவில் அதைக் கண்டு திகைத்தார். 1898 முதல் பலெர்மோவில் காவல் தலைவராக இருந்த எர்மான்னோ சாஞ்ஜோர்ஜி தயாரித்த புகழ்பெற்ற அறிக்கையில் கொல்லிச் சமவெளியின் மாஃபியாக் குழுக்களுக்குப் பெரிய இடம் உண்டு. பிரபுவின் வரவேற்பறையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு இந்த வரலாற்றில் ஒரு வரிகூடக் கிடைக்காது. கிணற்றடியில் நின்று பார்த்தால் கிடைக்கும்.

விதிவிலக்காகத் தப்பியது லா ஃபவோரிதா பூங்கா. 1798 டிசம்பரில் பிரெஞ்சுப் படைக்கு அஞ்சிய நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்தினாந்தும் அரசி மரியா கரோலினாவும் நெல்சனின் கப்பலில் தப்பிப் பலெர்மோவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே அரசர் கொல்லியில் நிலம் சேர்க்கத் தொடங்கினார். அங்கிருந்த ஒரு பிரபுவின் சீன பாணி வீட்டை வாங்கி, கட்டடக் கலைஞர் வெனான்ஸியோ மார்வூல்யாவைக் கொண்டு மாற்றிக் கட்டிய 'சீன மாளிகை'தான் இன்று பயணிகளை இழுக்கிறது. அதன் சாப்பாட்டு மேசை வேடிக்கையானது: கீழ்த்தள அடுக்களையிலிருந்து தட்டுகள் பொறி மூலம் மேலே வரும், பரிமாற ஆள் தேவையில்லை. வேலையாளின் முகமே தெரியாமல் உண்ணும் ஆசையைக் கருவியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். (மாளிகையை அடுத்த பணியாளர் கட்டடத்தில், ஏழை எளியவர்களின் வண்டிகளும் ஏர்களும் பொம்மலாட்டப் பாவைகளும் வைத்த பித்ரே அருங்காட்சியகம் பிற்காலத்தில் குடிபுகுந்தது நல்ல பழிவாங்கல்.) ஆனால் ஃபவோரிதாவின் பெருமை இந்த மேசையில் இல்லை. மோந்தே பெல்லெக்ரினோ மலையடியில் சுமார் 400 ஹெக்டேர் நிலம், வேட்டைக்காடும் விளைநிலமும் பயிர்ச்சோதனை வயலுமாக ஒரே துண்டாக நீடித்தது. அரசரின் நிலம் பிறகு அரசின் நிலமானது. அதனால் பங்கு பிரிக்க வாரிசுகள் இல்லை. 1930களில் அதன் ஓரத்தில் கால்பந்து மைதானம் வந்தது, அரசர் போட்ட பாதைகளில் இன்று மொந்தெல்லோ கடற்கரைக்குக் கார்கள் பறக்கின்றன. இருந்தும் நிலம் நிலமாக இருக்கிறது.

மற்றவற்றின் கதை வேறு. தொம்மாஸோ நாத்தாலே பகுதியில், ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போகும் வழியில் இருக்கிறது போஸ்கோகிராந்தே மாளிகை. இயக்குநர் விஸ்கோந்தியின் 1963 திரைப்படம் 'சிறுத்தை'யில் சலீனா பிரபுவின் வீடாக நாம் பார்ப்பது அதைத்தான். இப்போது அது விருந்துகளுக்கும் திருமணங்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கும் மண்டபம். மூல நாவலை எழுதிய லாம்பெதூஸாவின் மனதில் இருந்தது கொல்லியிலேயே உள்ள அவர் குடும்ப மாளிகை. அதைச் சுற்றி அடுக்குமாடிகள் நெருங்கிவிட்டன. 1950களின் இறுதியிலும் 60களிலும் நடந்ததை இத்தாலியர்கள் 'பலெர்மோவின் சூறையாடல்' என்கிறார்கள். சால்வோ லிமா மேயராகவும் வீத்தோ சான்சிமீனோ பொதுப்பணிப் பொறுப்பாளராகவும் இருந்த ஆண்டுகளில், ஆயிரக்கணக்கான கட்டட உரிமங்களில் பெரும்பகுதி கட்டுமானத் தொழிலோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருசிலர் பெயரில் போனது. அந்தக் காலத்தின் அடையாளமாக எல்லோரும் சொல்வது எர்னெஸ்தோ பஸீலே கட்டிய தெலியெல்லா மாளிகையை. கட்டடம் 50 ஆண்டு தாண்டினால் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்பதால், 1959 நவம்பர் 28 அன்று, சனிக்கிழமையாகப் பார்த்து இடித்தார்கள். இடித்த இடம் பல பத்தாண்டுகள் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. அந்த ஒரு மாளிகைக்காக இன்றும் பலெர்மோ அழுகிறது. அதே ஆண்டுகளில் காணாமல் போன ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எலுமிச்சைக்கு அப்படி ஒரு நாள்கூடக் குறிக்கப்படவில்லை. மாளிகைத் தோட்டங்களையும் பூங்காக்களையும் காக்க 1912லேயே இத்தாலியில் சட்டம் வந்துவிட்டது என்பதுதான் இதில் விசித்திரம். கத்தரித்த வேலியும் நீரூற்றும் இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது தோட்டம். காய்க்கிற எலுமிச்சை மரம் வெறும் விவசாய நிலம்.

தோட்டம் சாகும் பொருள், அதை எப்படி நினைவுச்சின்னமாக்குவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தென்னந்தோப்புக்காரர்கள் நன்கறிந்த சிவப்புக் கூன்வண்டு 2005 வாக்கில் பலெர்மோவுக்கு வந்து, மாளிகைகளின் முன் நின்ற கனேரிப் பேரீச்சைகளைச் சில ஆண்டுகளில் மொட்டையாக்கியது. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் மரம் சாகலாம், தோப்பு மறுபடி நடப்படலாம். சிசிலியிலேயே சான்று உண்டு. அக்ரிஜெந்தோவின் கிரேக்கக் கோயில்களுக்கு நடுவே புதர்மண்டிக் கிடந்த கொலிம்பெத்ரா பள்ளத்தாக்கை 1999இல் இத்தாலியச் சுற்றுச்சூழல் நிதியம் எடுத்துக்கொண்டது. பழைய நீர்ச்சுரங்கங்களைத் துப்புரவாக்கி, வாய்க்காலைச் சீர்செய்து, எலுமிச்சையும் ஆரஞ்சும் மீண்டும் காய்க்க வைத்தது. பலெர்மோவின் மறுபுறத்தில், நார்மன் அரசர் ரோஜரின் மரேதொல்சே அரண்மனையைச் சூழ்ந்திருந்த ஏரி வற்றிப் பல காலமாகிறது. ஏரியும் அதன் நடுத்தீவும் பழத்தோட்டமாக மாறின. அந்த இடத்துக்குத்தான் 2015இல் தோட்டங்களுக்கான கார்லோ ஸ்கார்பா பரிசு போனது. சுவர்ப்பூச்சு உதிர்ந்தால் புதிதாகப் பூசுகிறோம். மரம் பட்டால் புதிதாக நட மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

இதைவிடக் கனமான மறுப்பு, ஜனங்கள் எங்கே குடியிருப்பது என்பது. 1943 குண்டுவீச்சில் பழைய பலெர்மோவின் பெரும்பகுதி நொறுங்கியது. லாம்பெதூஸாவின் நகர அரண்மனையும் அதில் போனது. வீடற்றவர்களுக்குமுன் எலுமிச்சையைப் பற்றிப் பேசுவது வசதிக்காரர்களின் பொழுதுபோக்குதான், வீடற்றவர்களுக்கு வீடு கிடைத்திருந்தால். தோட்டங்களை அழித்து எழுந்த அடுக்குமாடிகளில் பெரும்பங்கு நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. பழைய நகரின் இடிபாடுகள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. ஏழைகளுக்கென்று கொல்லியின் வயல்களில் கட்டிய 'ஸென்' குடியிருப்பில், வேலை முடியாத, குழாயில் நீர் வராத கட்டடங்களுக்குள் குடும்பங்கள் தாமாகவே பூட்டை உடைத்துப் புகுந்தன. தண்ணீர்க் கலைக்குப் பேர்போன சமவெளியில் தண்ணீர் இல்லாத வீடுகள். நிலத்தையும் கொடுத்தாயிற்று, வீடும் முறையாகக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் எங்கோ நடந்ததென்று சென்னைக்காரர்கள் சொல்ல முடியாது. கம்பெனிக் காலத்துத் தோட்ட வீடுகள் சூல்ட்ரி பிளெய்னிலும் அடையாற்றங்கரையிலும் ஏக்கர் கணக்கில் விரிந்திருந்தன. பெரும்பாலானவை மனைகளாகப் பிரிந்து தெருப்பெயராக மட்டும் மிஞ்சின. நிலத்தோடு தப்பியவை ஏதாவதொரு நிறுவனத்தின் கைக்குப் போனவை: மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிடம் டவ்டன் மாளிகை, இசைக் கல்லூரியிடம் பிராடி காசில், பிரம்மஞான சபையிடம் 1882இல் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம். கடைசியாகச் சொன்னதற்கு ஜனங்கள் போவது ஆலமரத்தைப் பார்க்க. மாளிகையின் வயதை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, மற்ற எல்லாவற்றையும்விடக் கூர்மையானது: இந்தத் தோப்புகள் குடியானவர் உழைப்பைச் சுரண்டி எழுந்தவை, அவற்றுக்காக ஏங்குவது ஜமீன்தாரித்தனத்துக்காக ஏங்குவது. ஏக்கம் அரண்மனை மேல் என்றால் இந்தக் குற்றச்சாட்டு நிற்கும். நிலத்தின் மேல் என்றால் நிற்காது. உழைத்தவர்களின் கைவேலை நிலத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டில் 1932 வாக்குரிமைக் குழுவின் தலைவராக அறியப்பட்ட லோதியன் பிரபு 1940இல் இறந்தபோது பிளிக்லிங் மாளிகையை இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். அதோடு 4,500 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை நிலத்தையும் சேர்த்தே கொடுத்தார். வருமானம் தரும் நிலமில்லாத மாளிகை கூரை ஒழுகிச் சாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொல்லியில் அதற்கும் நூறாண்டு முன்பே ஒருவர் இந்த வழியில் யோசித்தார். அவரிடம் வருவதற்கு முன் நமக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். வேலூர்க் கலகத்துக்குப் பிறகு 1807இல் சென்னை ஆளுநர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட வில்லியம் பென்டிங்க், 1811இல் பிரிட்டிஷ் படையின் தலைவராகச் சிசிலி வந்தார். அவருடைய நெருக்குதலோடு 1812இல் சிசிலி நாடாளுமன்றம் பிரபுத்துவ உரிமைகளை ரத்து செய்து அரசியல் சட்டம் இயற்றியது. அதில் முன்நின்ற உள்ளூர்த் தலைவர்களில் ஒருவர் காஸ்தெல்நுவோவோ பிரபு கார்லோ கொத்தோனே. 1829இல் இறந்த அவர், கொல்லியிலிருந்த தம் மாளிகையையும் நிலத்தையும் குடியானவர்களுக்கு வேளாண்மை கற்பிக்க எழுதிவைத்தார். பள்ளி 1847இல் திறந்தது. அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியில் இப்போது திறந்தவெளி அரங்கம் இருக்கிறது, கோடையில் மாஸ்ஸிமோ தியேட்டரின் இசைநாடகங்கள் அங்கே நடக்கின்றன. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது ஒரு விவசாயப் பள்ளியின் நிலம் என்று தெரியுமோ, வாயிலில் ஒரு பலகை வைத்துச் சொல்வதற்குப் பெரிய செலவாகாது.