ஐந்து விநாடி

மாயவரத்தில் இருக்கும் என் அத்தைக்கு 82 வயது ஆகிறது. செல்போனில் விளம்பரம் வந்தால் அதைக் கடைசி வரையில் பார்க்கிற ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, அவள்தான்.

நாமெல்லாம் என்ன செய்கிறோம்? பாட்டுக் கேட்கலாம் என்று தொடுகிறோம். பாட்டுக்கு முன்னால் ஒரு பிரஷர் குக்கர் வந்து நிற்கிறது. மூலையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண் குறைந்துகொண்டே வருகிறது. விரலை ஓங்கியபடி காத்திருந்து, 'ஸ்கிப்' என்ற எழுத்து தென்பட்ட மாத்திரத்தில் ஓர் அமுக்கு அமுக்குகிறோம். குக்கர் போன இடம் தெரிவதில்லை.

அத்தை அப்படிச் செய்யமாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் நான் போனபோது ஊஞ்சலில் உட்கார்ந்து, செல்போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பெரியபுராணச் சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவே சுவருக்கு அடிக்கும் பெயிண்டு விளம்பரம் வந்தது. ஆயுளில் இனி அவள் பெயிண்டு வாங்கப் போவதில்லை. ஆனாலும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மூலையிலே ஒரு பொத்தான் இருக்கு பாருங்க. அதைத் தொட்டால் போய்விடும்" என்றேன்.

"தெரியுமேடா."

"பின்னே?"

"பாவம், என்னமோ சொல்ல வந்திருக்கான். நாம ஓசியிலே கதை கேட்கிறோம். அவன் சொல்றதையும் காது குடுத்துக் கேட்டா என்ன குறைஞ்சு போச்சு? வாசல்லே வந்து நின்னவன் வாயைத் திறக்கிறதுக்குள்ளே கதவைச் சாத்துவியா நீ?"

அந்த வீட்டில் யாருக்கும் கதவு சாத்தியது கிடையாது என்பது வாஸ்தவம். மாமா ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தவர். ஜவுளி மூட்டைக்காரர், ஈயம் பூசுகிறவர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, யார் வந்தாலும் திண்ணையில் உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். வாங்குவது அபூர்வம். கேட்பது மட்டும் நிச்சயம்.

திண்ணைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது செல்போன் வழியாக வருகிறார்கள். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்ததே, அதிலிருந்துதான் இந்தப் பெருக்கு. அதற்கு முன் ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு 250 ரூபாய் வரையில் கொடுத்து, எண்ணெய் அளக்கிற மாதிரி அளந்து அளந்து செலவழித்தோம். 2017 மார்ச் கடைசி வரைக்கும் எல்லாம் இலவசம் என்றதும், மஸ்கட்டில் இருக்கும் அத்தைப் பிள்ளை அம்மாவுக்கு ஒரு செல்போன் வாங்கி அனுப்பிவிட்டான். எழுத்துக் கூட்டித் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. அடுத்த ஆகஸ்டில் தமிழில் பேசினாலே கூகுள் எழுதிக்கொள்ளும் என்று வந்ததும் அந்தக் கவலையும் விட்டது. "திருநாளைப்போவார்" என்று செல்போனைப் பார்த்து அதட்டுவாள். உடனே யாராவது சொற்பொழிவு ஆற்ற ஆரம்பிப்பார்.

அத்தையின் மரியாதைக்கு ஒரு விலை உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு விளம்பர ஏஜெண்டைப் பாத்திரமாக வைத்துத் தொடர்கதை எழுத நேர்ந்தது. தொழில் தெரியாமல் எழுதினால் வாசகர்கள் கடிதம் போட்டுக் கொன்றுவிடுவார்களே என்று கொஞ்சம் விசாரித்தேன்.

1941 ஜூலை 1ஆம் தேதி நியூயார்க் டெலிவிஷன் நிலையம் ஒன்று புலோவா கடிகாரத்துக்கு 10 விநாடி விளம்பரம் காட்டியது. கட்டணம் 9 டாலர். பார்த்தவர்கள் யார், அவர்களில் ஒருவராவது கடிகாரம் வாங்கினாரா என்று அந்தக் கம்பெனி எப்படிக் கண்டது? நம் ஊர்க் கொட்டகைகளில் இடைவேளையில் ஸ்லைடு போடுவார்களே, அதே சங்கதிதான். பல்பொடிக்காரர் தரை டிக்கெட்டுக்கும் நாற்காலி டிக்கெட்டுக்கும் பொதுவாகப் பல் விளக்கச் சொன்னார். அந்நேரம் பார்த்து நான் சோடா குடிக்க வெளியே போய்விட்டால் அவருக்குத் தெரியப் போவதில்லை.

இப்போது எல்லாம் தெரிகிறது. யூடியூபில் முதன்முதலாக ஏறிய வீடியோ 2005 ஏப்ரல் 23ஆம் தேதியது. ஒரு வாலிபர் மிருகக்காட்சி சாலையில் யானைக்கு முன்னால் நின்று 19 விநாடி பேசுகிறார், அவ்வளவுதான். மறு வருஷமே கூகுள் கம்பெனி 165 கோடி டாலர் கொடுத்து அந்தக் கடையையே வாங்கிவிட்டது. யானைக்காக யாராவது இத்தனை பணம் கொடுப்பார்களா? யானையைப் பார்க்க வருகிற கூட்டத்துக்காகக் கொடுத்த பணம் அது.

நாம் ஒரு வீடியோவைத் தொட்டதும், அது ஓடத் தொடங்குவதற்குள், கண் இமைக்கிற நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. சரக்கு நாம்தான். எந்த ஊர், சுமாராக என்ன வயது, நேற்று எதைத் தேடினோம், எதை முழுக்கப் பார்த்தோம் என்பதையெல்லாம் வைத்து மதிப்புப் போடுகிறார்கள். 'ஸ்கிப்' பொத்தான் வந்தது 2010 டிசம்பரில். அதில் ஒரு வேடிக்கை. இந்த ரக விளம்பரத்தை நாம் தள்ளிவிட்டால் பொதுவாக விளம்பரக்காரருக்குச் செலவில்லை. 30 விநாடி வரையில் பார்த்தால், சிறிய விளம்பரமானால் முழுக்கப் பார்த்தால், அல்லது அதைத் தொட்டால்தான் அவர் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்குப் போகிறது.

இதை அத்தையிடம் விளக்கினேன். முதல் ஐந்து விநாடியில் ஓடிப்போகிற என்னைப் போன்றவர்களால் வியாபாரிக்குக் காசு மிச்சம், அவளால்தான் அவருக்குச் செலவு என்று சொன்னால் மனசு மாறுவாள் என்பது என் எண்ணம்.

"அப்போ பெரியபுராணம் சொல்றவருக்கு என்னாலே ஏதோ போய்ச் சேருதுன்னு சொல்லு. நல்லதாப் போச்சு" என்று காலை உந்தி ஊஞ்சலை ஆட்டினாள்.

2022இல் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, என் செல்போனில் சார்ஜ் இல்லாததால் அத்தையின் செல்போனை வாங்கி, "சக்கர நாற்காலி என்ன விலை?" என்று கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன். அதற்குப் பிறகு திருநாவுக்கரசருக்கு முன்னாலும் சக்கர நாற்காலி, பின்னாலும் சக்கர நாற்காலி. படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை, நரம்புக்குத் தைலம். அத்தை வழக்கம்போல் எல்லாவற்றையும் கடைசி வரை பார்த்தாள். தைலக்காரன் நாற்பது நாளில் எழுந்து நடக்கலாம் என்று சொன்னான். எனக்குத் தெரியாமல் மூன்று புட்டி தருவித்து, வாசலில் 4,200 ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். யார் விற்றது, எந்தத் தளத்தில் வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எனக்கு வந்த கோபத்தில் பாதி தைலக்காரன்மேல். பாதி, அவன் பேச்சை உட்கார்ந்து கேட்டவள்மேல். சத்தம் போட்டுவிட்டேன். அத்தை பதில் பேசவில்லை. உள்ளே போய் மாமாவின் காலுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தாள். வாங்கியாயிற்று, வீணாக்குவானேன் என்று நினைத்தாளோ என்னவோ.

ஐப்பசியில் மாமா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் புறப்பட்ட பிறகு, ராத்திரி அத்தை செல்போனை எடுத்தாள். சொற்பொழிவு வரவில்லை. ஒரு கிழவர் வந்தார். வெள்ளை வேஷ்டி, நெற்றியில் விபூதி. சக்கர நாற்காலியில் சிரித்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றி வந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தகவல் எல்லாம் தெரிந்த அந்த ஏலத்துக்கு இந்த ஒரு தகவல் மட்டும் போய்ச் சேரவில்லை.

"குடுங்க அத்தை. இந்த மாதிரி விளம்பரம் வேண்டாம்னு சொல்றதுக்கு வழி இருக்கு. நான் நிறுத்திடறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் செல்போனை மார்போடு வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்டா. அவருக்காகத்தானே வருது" என்றாள்.

அதன்பிறகு போன மாதங்களிலெல்லாம் அந்தக் கிழவர் வந்துகொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்துவிட்டு நாயன்மார்களுக்குப் போவாள். அவர் மனைவி தோசை கொண்டு வந்து கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே அத்தைக்கு லேசாகச் சிரிப்பு வரும்.

சித்திரையில் நான் மறுபடி போயிருந்தேன். வழக்கம்போல் ஊஞ்சல், சொம்பு. முன்னால் வந்தது நகைக் கடன் விளம்பரம். அடுத்து ஒரு பள்ளிக்கூடம். முழுக்கப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த நாற்காலிக்காரர் இப்பல்லாம் வர்றதே இல்லையேடா. ஏன்?" என்று கேட்டாள்.

யாரும் தேடாவிட்டால் நாளடைவில் நின்றுவிடும் என்று சொன்னேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொற்பொழிவு ஓடிக்கொண்டிருந்தது; அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் சொம்பின்மேலிருந்து செல்போனை எடுத்தேன். மைக் படத்தை அமுக்கி, "சக்கர நாற்காலி என்ன விலை?" என்று கேட்டேன்.