எந்தக் காற்று?

கற்பிட்டிக் களப்பைக் கரையில் நின்று பார்த்து முடிவெடுக்கக்கூடாது. மே தொடக்கம் ஒக்டோபர் வரை வீசும் சோளகம் குடாநாட்டைக் கடந்துதான் களப்பில் இறங்குகிறது. தென்னைகளும் வீடுகளும் மறைத்து நிற்பதால் கரையோர நீர் தட்டில் ஊற்றியதுபோல் அசையாது கிடக்கும். அரைக் கிலோமீற்றர் போனபிறகுதான் காற்றின் கை தெரியும். களப்பு ஆழமற்றது. அதனால் அலை பெரிதாக உயர்வதில்லை. நெருக்கமாகவும் குத்தாகவும் எழும். ஒன்றைச் சமாளித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் ராத்தாவின் மகன். வெளிநாட்டவர்கள் பட்டம் பிடித்து நீரில் சறுக்க வரும் விடுதியொன்றில் வேலை செய்கிறான். கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகில் ஆட்களை அழைத்துப் போவதும் அவன்தான். கடந்த செப்டெம்பரில் ஒருநாள், "மாமா, நீங்களும் வாங்களேன்" என்றான். வடக்கே தெரியும் கண்டல் தீவொன்றுக்குப் போவதென்றால் வருகிறேன் என்றேன். ஏன் அந்தத் தீவு என்று அவன் கேட்கவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டியிலிருந்து நாங்கள் வள்ளத்தில் வந்து சேர்ந்தபோது, விடியலில் நான் கண்ட முதல் பச்சை அது. எனக்குப் பதினொரு வயது. ராத்தாவின் மகன் அப்போது பிறக்கவேயில்லை.

வீட்டில் விடயத்தைச் சொன்னதும் உம்மா அழவுமில்லை, தடுக்கவுமில்லை. "எந்தக் காத்துல போறீங்க மகன்?" என்று மட்டும் கேட்டா. அந்த வள்ளத்திலிருந்து இறங்கிய பிறகு உம்மா எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. ஆனாலும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று ஒவ்வொன்றின் குணமும் அவவுக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் நாங்கள் திட்டமிட்டோம். தீவுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். அமைதியான நீரில் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் போகலாம். முக்கால் மணித்தியாலம் போதும். ஆனால் போவதைக் கணக்கிடுவதில் அர்த்தமில்லை என்றான் மருமகன். போகும்போது தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளும், எல்லோருக்கும் தம்மைப் பெரிய ஓட்டியாகத் தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீற்றர் காற்றென்றால் நமது வேகம் பாதியாகிவிடும், களைத்தவனுக்கு அதுவும் இராது. ஆகவே திரும்பி வருவதை முதலில் கணக்கிட்டு, மிஞ்சிய நேரத்தில்தான் போவதை வைக்கவேண்டும்.

பகலில் நிலம் சூடேற ஏறக் காற்றும் பலக்கும் என்பதால் சுபஹ் தொழுது ஆறு மணிக்குப் புறப்படுவது. எங்கே நின்றாலும் ஏழரைக்குத் திரும்புவது. தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி. போகும்போது காற்று கிழக்கே ஒதுக்குமாதலால் தீவுக்குச் சற்று இடப்புறமாக முனையை வைப்பது. திரும்பும்போது நேர்கோட்டை விட்டு மேற்குக் கரையை அணைத்து, நிலத்தின் மறைவில் வருவது. சற்றுத் தூரம்தான், ஆனால் பலன் உண்டு. உயிர்காப்பு அங்கியைப் படகில் வைப்பதல்ல, உடலில் கட்டுவது. இரண்டு படகுகள், ஒன்றையொன்று கூப்பிடு தூரத்தில். முதல்நாள் கரையோரத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து, நீரிலிருந்து மீண்டும் ஏறிப் பழகினோம். நான் ஐந்தாறு தடவை ஏறினேன். கரையில் நின்ற பையன்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

வானிலை அவதான நிலையம் கடற்பரப்புகளுக்குச் சொல்லும் காற்று வேகத்தை முதல்நாள் மாலையே பார்த்தோம். போதாதற்கு, பாலாவியிலிருந்து வரும் வழியில் மாம்புரிக் காற்றாலைகள் எந்தத் திசைக்கு முகம் கொடுத்து நிற்கின்றன என்பதையும் பார்த்து வைத்தேன்.

காற்று வழிமாற்றிக் கொண்டுவந்து சேர்த்த கதைகள் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1344இல் மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாகி, செரந்தீபில் வந்து கரையேறியதாக எழுதுகிறார். அவர் இறங்கிய பத்தாலா, புத்தளம் என்றே பலரும் கொள்கிறார்கள். அவருக்காவது போக நினைத்த இடமென்று ஒன்றிருந்தது. எங்கள் வள்ளத்தில் வந்தவர்களுக்கு விட்டு வந்த இடம் மட்டுமே தெரியும். ஏறத்தாழ 90 கிலோமீற்றர் கடல். புறப்படும் நாளை வேறு யாரோ குறித்திருந்தார்கள். எத்தனை பேர் ஏறுவது, எதைக் கொண்டுபோவது, காற்று எப்படி என்பதெல்லாம் கேட்கப்படவேயில்லை. வாப்பா வீட்டுச் சாவியை இடுப்பில் முடிந்திருந்தார். திரும்பும் கணக்கு அது ஒன்றுதான்.

முதலாவது காலையில் ஆறு மணிக்கே நடுக்களப்பில் வெள்ளை நுரை தெரிந்தது. போகவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. படகைத் தூக்கி வைத்துவிட்டு மணலில் இருந்து பிளேன்ரீ குடித்தோம். போகாதிருப்பது இத்தனை சுகமாயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மருமகனுக்கு அது விளங்கவில்லை. விடுதிக்காரர்கள் பணம் திருப்பிக் கேட்பார்களே என்ற கவலைதான் அவனுக்கு வழக்கம்.

மூன்றாம் நாள் போனோம். கரையில் தகவலுக்கு உம்மாவையே வைத்தோம். பாடசாலைக் கொப்பித் தாளில் புறப்படும் நேரம், வரும் வழி, ஒன்பதரைக்குள் வராவிட்டால் அழைக்கவேண்டிய மீனவர் ஒருவரின் இலக்கம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். உம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்து வைத்துக்கொண்டா.

தீவில் கண்டல் வேர்களும் சேறும் கொக்குகளும். இறங்க வசதியில்லை. துடுப்பை வேரில் கொளுவிக்கொண்டு பத்து நிமிடம் இருந்தேன். வடக்கே வெறும் நீர். மருமகன் தீவைச் சுற்றி வரலாமென்றான்; ஏழு இருபத்தைந்து. திரும்பினோம்.

கரைக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர் இருக்கையில் சோளகம் எழும்பிவிட்டது. மறைவிலே வந்ததால் தோள் நோவோடு தப்பினோம். எட்டு ஐம்பதுக்கு மணலில் ஏறித் தொலைபேசியைப் பையிலிருந்து எடுத்தால், உம்மாவே அழைத்துக்கொண்டிருந்தா.

"எட்டரைக்குக் காத்து ஏறிச்சு. எங்க நிக்கிறீங்க?"

"கரையில உம்மா."

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா: "அங்க இருந்து மன்னார்ப் பக்கம் ஏதும் தெரிஞ்சுதா?"