மாத்திரை போட்டும் சாகாத வண்டு

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. லாரிக்குத் தேய்மானம் உண்டு, கட்டிடத்துக்கு உண்டு, கடையில் கிடக்கும் நாற்காலிக்கும் உண்டு. ஆனால் ஒரு மருந்தின் வீரியத்துக்குத் தேய்மானம் எழுதுகிற கணக்குப் புத்தகம் எங்கேயும் கிடையாது. தானியக் கிடங்குகளில் அப்படி ஒரு சொத்து சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டு வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தச் சொத்தின் பெயர் பாஸ்பீன். ஒரு வாயு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையாகக் கடைத்தெருவுக்குத் தெரியும். மாத்திரை ஒன்று 3 கிராம் எடை. காற்றில் உள்ள ஈரம் பட்டால் அது கரைந்து 1 கிராம் பாஸ்பீனை வெளியிடும். மூட்டை அடுக்கின் மேல் காற்றுப் புகாத பாலிதீன் போர்வையைப் போர்த்தி, ஓரங்களை மணல் பாம்புகளால் அழுத்தி, உள்ளே மாத்திரை வைத்தால் வாயு மூட்டைக்குள்ளும் மணிக்குள்ளும் புகுந்து வண்டைக் கொல்லும். பிறகு காற்றோட்டம் விட்டால் தானியத்தில் நஞ்சு அநேகமாக மிஞ்சாது. விலையும் மலிவு. இப்படி ஒரு மருந்து கிடைத்தால் யார் விடுவார்கள்? உலகமே இதைப் பிடித்துக்கொண்டது.

முன்பு இதற்குப் போட்டியாக மீத்தைல் புரோமைடு இருந்தது. அது ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 2005 இலும் வளரும் நாடுகள் 2015 இலும் அதைக் கைவிட்டன. ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கிடங்குகளில் தெளித்து வந்த டைகுளோர்வாஸும் இந்தியாவில் 2020 டிசம்பரோடு தடை செய்யப்பட்டது. ஆக, இன்றைக்குக் கிடங்குகளின் பாரம் பெரும்பாலும் பாஸ்பீன் தலையில்தான்.

இனி ஊருக்கு வருவோம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். மேலே மலையில் சாமை விளையும். கீழே நெல். அங்கே ஒரு சின்ன அரிசிக் கடைக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாக வரும் அம்மா ஒருவர் வந்து கேட்கிறார்.

"இன்னாண்ணா, போன வாரம் வாங்கின அரிசியில பூச்சி ஓடுது?"

"மாத்திரை போட்டுத்தாம்மா வெச்சிருந்தேன். இப்பல்லாம் மாத்திரையே டூப்ளிகேட்டா வருது போல."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மாத்திரை போட்டது உண்மை. மாத்திரையும் அசலாகவே இருக்கலாம். மாறியது வண்டாக இருக்கலாம் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1972-73 இல் உலகம் முழுக்க ஓர் ஆய்வு நடத்தியது. மாதிரி எடுக்கப்பட்ட 82 நாடுகளில் 33 நாடுகளில் பாஸ்பீனைத் தாங்கும் வண்டுகள் அப்போதே இருந்தன. சோதித்த வண்டுக் கூட்டங்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று அந்த ரகம். அப்போது எதிர்ப்பு லேசானதுதான். பிறகுதான் கடுமையானது.

எப்படிக் கடுமையானது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தானியத்தைத் துளைக்கும் ரைசோபெர்த்தா என்ற வண்டை ஆராய்ந்தவர்கள், எதிர்ப்புக்கு முக்கியமாக இரண்டு மரபணுக்கள் காரணம் என்று கண்டார்கள். ஒன்று மட்டும் இருந்தால் எதிர்ப்பு சுமார்தான். இரண்டும் சேர்ந்தால், சாதாரண வண்டைக் கொல்லும் அளவைப்போல 250 மடங்குக்கு மேல் தாங்கும். இரண்டில் ஒன்று, உயிரணு ஆற்றல் எடுக்க உதவும் டி.எல்.டி. என்ற நொதிக்கு உரியது என்று 2012 இல் 'சயின்ஸ்' இதழில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஆய்வு 2015 இல் 'ஹெரிடிட்டி' இதழில் வந்தது. உட்கரு உள்ள வேறு எந்த உயிரிலும் அதுவரை பார்த்திராத ஒரு டி.எல்.டி. மாற்றம் இந்தியக் கிடங்கு வண்டுகளில் இருந்தது. நம் ஊர் வண்டு உலக அளவில் பெயர் வாங்கிவிட்டது!

இந்த எதிர்ப்புக் குணம் பெரும்பாலும் ஒடுங்கு குணம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழு பலம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்த வண்டு அரைகுறைதான். முழு அளவு மருந்தில், முழு நாள் மூடி வைத்தால் அந்த அரைகுறை செத்துப்போகும். ஓட்டைப் போர்வைக்குள் இரண்டு நாள் மட்டும் வைத்தால் என்ன ஆகும்? சாதாரண வண்டு சாகும், அரைகுறை பிழைக்கும். பிழைத்த அரைகுறைகள் தங்களுக்குள் சேரும். அவற்றின் குஞ்சுகளில் சில முழு எதிர்ப்போடு பிறக்கும். அரைகுறை வேலை, வண்டுக்கு நடத்தும் இலவசப் பயிற்சி வகுப்பு மாதிரி.

கடைக்காரர் அடுத்து என்ன செய்வார்? மாத்திரையை இரண்டு மடங்காக்குவார். ஆனால் வியாபாரம் நிற்குமே என்று இரண்டாம் நாளே பிரித்துவிடுவார். பாஸ்பீனிடம் இந்தக் கணக்கு பலிக்காது. அளவைவிட நாள்தான் முக்கியம். வாயு மிக அதிகமானால் வண்டு மயங்கிக் கிடந்து குறைவாகவே உள்ளே இழுக்கும். முட்டையும் கூட்டுப்புழுவும் மிகவும் தாங்கும். அவை அடுத்த பருவத்துக்கு மாறும்வரை வாயு உள்ளே நிற்க வேண்டும். ஏழு நாளாவது மூடி வைக்கச் சொல்வது இதனால்தான். அதோடு, அலுமினியம் பாஸ்பைடு மனிதர்களுக்கும் கொடிய விஷம். அரசு நிபுணர்களின் மேற்பார்வையில் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்பது விதி. வீட்டு அரிசிப் பானையில் வைக்கிற பொருளே அல்ல.

வணிகவியல் பார்வையில் பார்த்தால் கடைக்காரரைக் குறை சொல்வதும் சுலபமில்லை. ஏழு நாள் சரக்கு முடங்குவது அவருடைய நஷ்டம். இரண்டு நாளில் பிரித்து விற்பது அவருடைய லாபம். எதிர்ப்பு வண்டு பெருகும் நஷ்டமோ அவருடையது மட்டுமில்லை. அது சாக்கோடு லாரி ஏறும், பறக்கவும் செய்யும். பக்கத்துக் கடைக்குப் போகும், நெல் ஆலைக்குப் போகும், ரேஷன் கிடங்குக்கும் போகும். ஊர்ப் பொதுக் குளத்தில் ஆளாளுக்கு ஒரு குடம் அழுக்கைக் கொட்டுவது போலத்தான். யார் பேரேட்டிலும் அது செலவாக ஏறாது. குளம் மட்டும் கெடும்.

அப்படியானால் வழி? மருந்தைக் குறைவாகத் தேட வைப்பதுதான் முதல் வழி. நீண்ட நாள் வைக்கும் நெல்லின் ஈரத்தை 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை குறையும். துவரைக்குச் செம்மண் கட்டி வைத்த பாட்டிமார் விவரமானவர்கள். மண் துகள் பூச்சியின் மெழுகுத் தோலைச் சிதைத்து அதை உலர்த்தும். மலைச் சாமையை உமியோடு வைத்தால் வண்டு லேசில் அண்டாது. குத்தி அரிசியாக்கிப் பாக்கெட்டில் போட்ட பிறகுதான் வம்பு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியே விழும். வண்டு பெருகும் முன்பே தெரிந்துவிடும். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளும் இருக்கின்றன. 1980களின் இறுதியில் காமரூன் நாட்டுக் காராமணிக்காகப் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியவை. உள்ளே இருக்கும் பிராணவாயுவைப் பூச்சிகளே தீர்த்துவிட்டு மடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாஸ்பீன் தேவைப்படும் இடங்கள் இருக்கும். பெரிய கிடங்குகளில் நிச்சயம் தேவைப்படும். அதனால்தான் அதை வீணாக்கக் கூடாது. விலை மலிந்த, எச்சம் விடாத இன்னொரு வாயு வரிசையில் காத்திருக்கவில்லை.

அடுத்த முறை அரிசியில் வண்டு ஓடினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். என்ன மாத்திரை என்று கேட்க வேண்டாம். எத்தனை நாள் மூடி வைத்தார்கள் என்று கேளுங்கள்.