இடம் தெரியாத கல்

என் வீட்டு மச்சில் ஒரு மர அலமாரியில் 212 கற்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இலஞ்சியின் கல் அல்ல. இந்தப் பக்கத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறியவை. ஓடும் எலும்பும் கொண்ட பிராணிகள் உலகத்தில் தோன்றுவதற்கு வெகு முன்பே இறுகிப்போனவை. குற்றாலத்தில் அருவி விழும் பாறையை ஆயுசு முழுக்கத் தட்டினாலும் ஒரு நத்தை அகப்படாது. புதைபடிவம் சேகரிக்கிறவன் குடியிருக்கப் பொருத்தமில்லாத ஊர். ஆனால் நான் பிறந்தது இங்கே. ஓய்வு பெற்றுத் திரும்பி வந்ததும் இங்கேதான்.

கற்கள் அரியலூர்ப் பக்கத்தவை. 1986லிருந்து 1997 வரை அங்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸிலும் சைக்கிளிலுமாகக் காரை, ஊட்டத்தூர், கல்லங்குறிச்சி என்று போய்விடுவேன். சுமார் 11 கோடி வருஷங்களுக்கு முன்னாலிருந்து ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன்புவரை அங்கே கடல் ஏறுவதும் வாங்குவதுமாக இருந்திருக்கிறது. கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் பல இடங்களில் சிப்பிகளால் ஆன கல்தான். காரையில் மழை அரித்த களிமண் மேடுகளில் பெலம்னைட் கிடைக்கும். கணவாய் இனத்துப் பிராணி ஒன்றின் உள்கூட்டு நுனி அது. பார்வைக்குத் துப்பாக்கித் தோட்டா. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு சொன்னார். அதை நின்று பார்க்கலாம், சில்லு எடுக்கக்கூடாது. சிப்பிகளுக்கு அந்தக் காவல் கிடையாது. அவை லாரியில் ஏறிச் சிமெண்டுச் சூளைக்குப் போகும். நான் பொறுக்காமல் விட்டதெல்லாம் யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கிறது என்று சொல்லி என் செய்கைக்கு நியாயம் தேடிக்கொண்ட காலம் உண்டு.

இந்தக் காரியத்தில் மூன்று வேலைகள். பெயர் கண்டுபிடிப்பது, சுத்தம் செய்வது, எழுதிவைப்பது. எனக்கு இன்பம் தந்த வரிசையும் இதுதான். ஓர் அம்மோனைட்டைக் கையில் எடுத்து, சுருள் இறுக்கமா தளர்வா, விலா வரிகள் ஒற்றையா பிரிகின்றனவா, முதுகில் விளிம்பு உண்டா என்று பார்ப்பது. உள் அறைகளின் சுவர்கள் வெளி ஓட்டைத் தொடுமிடத்தில் இலை விளிம்புபோல நெளிந்து ஓடும் கோட்டைப் பூதக்கண்ணாடியில் தொடர்வது. இதெல்லாம் ஒரு போதை. பெயர் கிடைத்த இரவு தூக்கம் வராது. சீட்டு எழுதுவது மட்டும் ஆபீஸ் வேலை மாதிரி. அதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுவேன்.

அரியலூர்க் கடலை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்களும் தொழில்முறைக்காரர்கள் அல்லர். 1840களில் சென்னை சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர்களான கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் சேகரித்தவை லண்டனுக்குப் போயின. இந்தியாவையே பார்த்திராத எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து 1846இல் அச்சேற்றினார். அவர் வைத்த பெயர்களில் பல பின்னால் மாறிவிட்டன. கேயின் பெயரால் அவர் சுட்டிய அம்மோனைட் இன்று வேறொரு பேரினத்தில் இருக்கிறது. அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தாளில் இருந்ததால் பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது. 1860களில் கல்கத்தாவில் ஸ்டோலிச்கா தென்னிந்தியக் கடல் படிவங்களைப் பாகம் பாகமாக எழுதியதும் பிளான்ஃபோர்டும் சகாக்களும் ஊர் ஊராகச் சேகரித்தவற்றை வைத்துத்தான். ஓர் அம்மோனைட்டுக்கு அவர் ஒட்டக்கோவிலின் பெயரையே வைத்தார், 'ஓட்டகோடென்சிஸ்' என்று. லத்தீன் வால் முளைத்த தமிழ்க் கிராமம். அப்போது எனக்கு இது வேடிக்கையாக மட்டும் பட்டது.

என்னிடம் ஒரு அம்மோனைட் இருக்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தால் நிறையும். அதைச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு மாசம் பிடித்தது. கோணூசி, பழைய பல் பிரஷ், ஒரு பல் டாக்டர் கழித்துப்போட்ட கொக்கி, இவ்வளவுதான் ஆயுதம். அமிலத்தைத் தொடவில்லை. அது மண்ணோடு சேர்த்துச் சுண்ணாம்பு ஓட்டையும் தின்றுவிடும். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம், ஒவ்வொரு வரிக்கும் நடுவிலிருந்த மண்ணைத் துகள் துகளாகக் கிளப்பினேன். தொப்புள்போன்ற நடுக்குழியில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததையும் விடவில்லை. துடைத்து வைத்தபோது நேற்றுத்தான் கடலிலிருந்து எடுத்தது போலிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

அரியலூரைவிட்டு மாற்றலாகி வேறு ஊர்களுக்குப் போனபோது கற்களை அட்டைப் பெட்டிகளில் கட்டி இலஞ்சி வீட்டு மச்சில் போட்டேன். ஒவ்வொரு கல்லோடும் ஒரு சீட்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நோட்டு. சாரல் மாசங்களில் எங்கள் ஊரில் தீக்குச்சிகூடச் சட்டென்று பற்றாது. ஓய்வுபெற்று வந்து பெட்டிகளைத் திறந்தபோது கற்கள் இருந்தன. சீட்டுகளில் பெரும்பாலானவற்றை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பசைக்காக நோட்டின் முதுகைத் தின்றது, பிறகு உள்ளே போயிருக்கிறது. எழுத்து இருந்த இடமெல்லாம் சல்லடை. ஏழெட்டுக் கோடி வருஷம் தாக்குப்பிடித்த பொருளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடிக்காத காகிதத்தை வைத்தவன் நான்.

போன சீட்டுகளுக்குப் பதில் ஞாபகத்திலிருந்து புதுச் சீட்டு எழுதினேன். அந்த அம்மோனைட்டுக்குக் 'காரை' என்று எழுதினேன். சந்தேகமே வரவில்லை. உச்சி வெயில், வெடித்த களிமண், பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் தூக்குச்சட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றியது, எல்லாம் அச்சாகக் கண்முன் நின்றது. இத்தனை விவரத்தோடு வரும் ஞாபகம் பொய்யாக இருக்க முடியாது என்று நினைத்தேன். கதை எழுதுகிற சிநேகிதர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

சில வருஷங்களுக்கு முன் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ஓர் ஆராய்ச்சி மாணவி, சிநேகிதர் ஒருவர் சொல்லி, வீட்டுக்கு வந்தாள். அம்மோனைட்டை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது காரையில கெடைச்சுதா சார்?"

"ஆமாம்மா."

"நல்லா ஞாபகம் இருக்கா சார்?"

"நானே குனிஞ்சு எடுத்தது."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பாக்கிடிஸ்கஸ் மாதிரி தெரியுது சார். காரைக் களிமண் இதுக்கு ரெண்டு கோடி வருஷமாவது மூத்ததாச்சே. கல்லங்குறிச்சிப் பக்கம்னா பொருந்தும். கொஞ்சம் மண் ஒட்டியிருந்தாக்கூடச் சொல்லிடலாம். சுத்தமா எடுத்துட்டீங்களே" என்றாள். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அந்த மரியாதைதான் சுட்டது.

அவள் போனபிறகு யோசித்தேன். இழப்பு இரண்டு. காகிதத்தைத் தின்றது பூச்சி. மண்ணைத் தின்றது நான். சாம்பல் களிமண்ணா மஞ்சள் சுண்ணாம்பா என்று ஒரு சிட்டிகை சாட்சி சொல்லியிருக்கும். அழகுக்கு இடைஞ்சல் என்று அதைக் கோணூசியால் வெளியேற்றினேன். பிறகு அந்த வெற்றிடத்தில் என் ஞாபகத்தை வைத்து அடைத்தேன்.

இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய குற்றாலத்தில் இருந்துகொண்டுதான் டி.கே.சி. கம்பனைச் சுத்தம் செய்தார். தன் ரசனையையே உளியாகக் கொண்டு, இது கம்பன் வாக்கு, இது செருகல் என்று பிரித்தார். பல பாடல்களை விலக்கினார். சொற்களையும் மாற்றினார். அவர் துலக்கிக் காட்டிய பாட்டு மின்னியது என்பதை நான் மறுக்கவில்லை. கவிதையைக் காதால் படிக்கத் தெரிந்துகொண்டவர்களில் பலர் அவருக்குக் கடன்பட்டவர்கள். என் அம்மோனைட்டும் மின்னத்தான் செய்தது. மறுபக்கத்தில் உ.வே. சாமிநாதையர். எந்த ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தது என்று முகவுரையில் எழுதிவைத்தார். தான் ஏற்காத பாடத்தையும் அடியில் கொடுத்தார். இளவயசில் எனக்கு அந்த அடிக்குறிப்புகள் சலிப்பூட்டின. பாட்டை விட்டுவிட்டு மனுஷன் பட்டியல் போடுகிறாரே என்று இருக்கும். கல்லில் ஒட்டியிருக்கும் மண் அது என்று இப்போது தெரிகிறது. டி.கே.சி. விலக்கிய பாடல்கள் வேறு பதிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. அவரோடு இன்றைக்கும் சண்டை போடலாம். கல்லுக்கு வேறு பதிப்பு இல்லை.

தென்காசியில் ஒரு சிநேகிதர் வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் உண்டு. கருப்பு உருண்டை, வாய்போன்ற திறப்புக்குள் சக்கரம். அந்தச் சக்கரமும் அம்மோனைட்தான், ஜுராசிக் காலத்தது. சக்கரத்தின் அமைப்பையும் திறப்பையும் பார்த்து அதற்கும் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். வகைப்படுத்தும் சாஸ்திரமே இருக்கிறது. காரைக் கல் ஒன்றை அவரிடம் கொடுத்து, இதையும் வைத்துக்கொள்ளலாமே, அதே ஜாதிதான் என்றேன். அவருடைய அம்மா உள்ளேயிருந்து, "கண்டகியிலேந்து வந்தாத்தான்டா சாளக்கிராமம். மத்ததெல்லாம் கல்லு" என்றாள். நேபாளத்து நதி ஒன்றின் பெயர் இல்லாவிட்டால் பெருமாள் இல்லை. அந்த அம்மாளுக்கு அன்று தெரிந்திருந்தது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் அரியலூரிலேயே இருக்கிறது. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980களின் கடைசியில் 'புருஹத்காயோசாரஸ்' என்ற டைனோசாரை அறிவித்தார்கள். உலகத்திலேயே பெரிய நிலப் பிராணிகளில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. கல்லான மரத்தைப் பார்த்து எலும்பு என்கிறார்கள் என்ற சந்தேகமும் கூடவே எழுந்தது. எலும்பைக் காட்டித் தீர்த்துவைக்க வழியில்லை. அவை நொறுங்கிப் போய்விட்டன என்பது 2017இல் எழுத்தில் வந்தது. மிஞ்சியவை கோட்டோவியங்கள், அளவுகள், இடத்தின் பெயர். 2022இல் பழைய புகைப்படங்கள் சில அச்சாயின. அவற்றை வைத்து விவாதம் மறுபடி உயிர்பெற்றது. அங்கே கல் போய்விட்டது, காகிதம் பேசுகிறது. என் வீட்டில் கல் இருக்கிறது, பேச ஒன்றுமில்லை. எது ஜாஸ்தி துரதிருஷ்டம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் துரதிருஷ்டத்தில் பிறருக்கு வேலை மிஞ்சியிருக்கிறது.

பெயர் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். நூறு வருஷம் கழித்தும் திருத்தலாம். எங்கே குனிந்தோம் என்பது குனிந்தவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவன் சொல்லாமல் விட்டால் அத்தோடு போயிற்று. அவன் தப்பாகச் சொன்னால் இன்னும் மோசம், ஏனென்றால் அவன் சீட்டை நம்பத்தான் செய்வார்கள். அந்தப் பெண் கொஞ்சம் குறைவாகப் படித்தவளாக இருந்திருந்தால், காரையில் பாக்கிடிஸ்கஸ் என்று எங்காவது ஒரு வரி ஏறியிருக்கும். மாணவியிடம் 'நானே குனிஞ்சு எடுத்தது' என்று சொன்ன குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அறியாமை அல்ல அது. காலி இடத்தைக் காலியாக விடச் சகிக்காத சுபாவம். விமர்சனம் என்ற பெயரில் இதே சுபாவத்தோடு நான் எழுதிய சில பக்கங்களும் ஞாபகத்துக்கு வந்தன.

இந்த வருஷம் சாரல் தொடங்குமுன் எல்லாவற்றையும் இறக்கினேன். ஒவ்வொரு கல்லின் அடிப்புறத்திலும் வெள்ளைப் பெயிண்டில் சின்னப் பொட்டு, அது காய்ந்ததும் இந்தியன் இங்கில் எண், மேலே வார்னிஷ். எண் கல்லின் மேலேயே இருக்கவேண்டும், பெட்டியில் அல்ல. பதிவேடு இரண்டு பிரதி. ஒன்று மதுரையில் மகன் வீட்டில். பழைய சீட்டு தப்பியவை, மண் ஒட்டியிருந்ததால் இடம் நிச்சயமானவை, எல்லாம் சேர்த்து 74 தேறின. அவற்றை அரியலூர் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட உத்தேசம். மீதி 138 என்னோடு இருக்கும்.

அம்மோனைட்டின் சீட்டைக் கடைசியாக எழுதினேன். 'காரை' என்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதா, அடித்துவிட்டுத் தெரியும்படி வைப்பதா என்று ஒரு மத்தியானம் போயிற்று. கடைசியில் பழைய சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே எழுதினேன்: 'இடம் தெரியாது. காரை என்று நான் எழுதியது ஞாபகத்திலிருந்து, தவறு.' தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

காப்பி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "தெரியாதுன்னு எழுதத்தான் காலையிலேருந்து உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.