குடத்தின் பின்பக்கம்

தஞ்சாவூர் வீணையைப் பார்ப்பவர்களின் கண் முதலில் யாளி முகத்துக்குத்தான் போகும். எனக்குக் குடத்தின் பின்பக்கம். அதை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் கம்பியின் பிம்பம் நெளியாமல், உடையாமல் ஓட வேண்டும். நெளிந்தால் மேலே எதைப் பூசியும் பிரயோஜனமில்லை. பளபளப்புன்னா வேறொன்றுமில்லை, வெளிச்சம் சிதறாமல் திரும்புவதுதான்.

இந்த வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் பலா. அறுத்த புதிதில் மஞ்சள், வயதாக ஆகப் பழுப்பு. துளைகள் பெரிதென்பதால் மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாளை 120, 220, 400 என்று மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். நடுவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் அவற்றையும் சீவியாக வேண்டும். முக்கால்வாசி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

பிறகு அரக்கு. பூச்சி சுரப்பது, துரியோதனன் மாளிகை கட்டிய அதே சரக்கு. செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, பஞ்சை வேட்டித் துணியில் பொதிந்து, அதில் நனைத்து வட்ட வட்டமாகத் தேய்ப்பார்கள். ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு எண்ணெய். கை எந்த இடத்திலும் நிற்கக் கூடாது. நின்றால் ஸ்பிரிட் கீழ்ப்பூச்சைக் கரைத்துத் துணியை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்யாமலிருப்பது நல்லது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்புகை போல நின்றுவிடும். தை அறுவடையில் பதர்த்தூசி. மாசி, பங்குனிதான் சௌகரியம்.

என் அத்தையின் வீணையில் வலது முன்கை படும் இடம் மட்டும் மங்கி, மரம் தெரிந்தது. ஒரு கடையில், "பழசச் சுரண்டிட்டு பியூ ஸ்பிரே அடிச்சிரலாம் தம்பி, நாலே நாள், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார்கள். பொய்யில்லை, இருக்கும். வியர்வையையும் அரக்கைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் பியூ ஒருமுறை இறுகிவிட்டால் மேலே அடிக்கும் புதுப்பூச்சு பழையதோடு கரைந்து சேராது, தனித்தோலாக உட்காரும். அரக்கு அப்படியில்லை. புதுப்பூச்சின் ஸ்பிரிட் பழையதைக் கொஞ்சம் இளக்கி, இரண்டும் ஒன்றாகிவிடும். தேய்ந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். மற்ற இடங்களில் நாற்பது வருஷப் பழுப்பு அப்படியே இருக்கும்.

"சுரண்டுறதுன்னா வேண்டாம்" என்றார் அத்தை. தெரிந்த ஆசாரி ஒருவர் மூன்று வாரம் வந்து போனார். தினமும் அரைமணி நேரம்தான் தேய்ப்பார், மீதி காய்வதற்கு. கடைசி நாள் கிட்டத்தட்ட வெறும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெயை எடுத்தார். பழையதும் புதியதும் சேரும் இடத்தை விரலால் தேடினேன், அகப்படவில்லை.

கிளம்பும்போது ஆசாரி ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்: சானிடைசர் போட்ட கையோடு தொடாதீங்க, அதுவும் ஸ்பிரிட்டுதான். அத்தை இப்போது வாசிக்க உட்காருமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வருகிறார். பாட்டுக் கற்க வரும் பிள்ளைகளையும் கொல்லைக்குழாய்க்கு அனுப்புகிறார்.