உங்க பொட்டிக்கு எவ்ளோ கணக்கு தெரியும்?

ஒண்ணோட ஒரு துளியூண்டு எண்ணைக் கூட்டுங்க. விடை ஒண்ணை விடப் பெருசா? ஆமான்னா அந்தத் துளியைப் பாதியாக்கி மறுபடி கூட்டுங்க. இப்படியே போய்க்கிட்டு இருந்தா, ஒரு கட்டத்துல கூட்டின பிறகும் விடை வெறும் ஒண்ணாவே நிக்கும். எங்க கணக்கு வாத்தியார் பார்த்தா பிரம்பை எடுத்திருப்பார். ஆனா நாம தட்டுற எல்லாப் பொட்டியும் இதைத்தான் செய்யுது :-)

பைத்தான்ல இதுக்கு நாலு வரி போதும். 1.0-ல ஆரம்பிச்சு பாதியாக்கிக்கிட்டே வந்தா 52 தடவை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். 53-வது தடவை துளி காணாமப் போயிடும். முன்னாடி இருக்குற ஒண்ணையும் சேர்த்தா 53 பிட். அதுதான் உங்க பொட்டியோட துல்லியம்.

தலைகீழாவும் போகலாம். ஒரு எண்ணை இரட்டிப்பாக்கிக்கிட்டே போங்க. ஒண்ணைக் கூட்டி, பழைய எண்ணைக் கழிச்சா ஒண்ணு வருதான்னு பாருங்க. 9007199254740992-ல வண்டி நின்னுடும். அதுக்கு மேல ஒண்ணு ஒண்ணா எண்ண அதுக்குத் தெரியாது, ரெண்டு ரெண்டாத்தான் தாவும். அந்த 'ரெண்டு'தான் பொட்டியோட அடிமானம். பழைய ஐபிஎம் 360-ல இதே சோதனையைப் பண்ணியிருந்தா 16-னு சொல்லியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பைத்தான்ல 1.0-க்குப் பதிலா வெறும் 1-னு போட்டு இரட்டிப்பாக்கினா, அது முழு எண் கணக்குல இறங்கிடும். அங்க எல்லையே இல்லை, நீங்க டீ குடிச்சுட்டு வந்தாலும் ஓடிக்கிட்டே இருக்கும். பெர்ல் இன்னும் கில்லாடி. விடை முழு எண்ணா வரும்னு தெரிஞ்சா, கேக்காமலே முழு எண்ணுக்கு மாறிக்கும். அதனால பெர்ல்ல பாதியாக்குற வழிதான் நம்பகமானது.

இந்த யோசனை 1972-லயே மைக்கேல் மால்கம் எழுதி வெளியிட்டது. அப்போ ஒவ்வொரு கம்பெனி பொட்டியும் ஒவ்வொரு மாதிரி கணக்குப் போடும். பொட்டிகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கறதுதான் வழி. 1985-ல ஐஇஇஇ 754 தரம் வந்து எல்லாரையும் ஒரு வரிசைக்குக் கொண்டுவந்துச்சு. அதுக்குப் பெரிய காரணமா இருந்த வில்லியம் கஹானுக்கு 1989-ல டூரிங் விருது கிடைச்சுது. இப்ப பைத்தான்ல சிஸ்.ஃப்ளோட்_இன்ஃபோன்னு கேட்டாலே எல்லாத்தையும் ஒப்பிச்சுடும்.

அப்புறம் எதுக்குய்யா அளக்கணும்னு கேக்கறீங்களா? மேட்டருக்கு வர்றேன்.

எங்க டீம்ல ஒரு பொண்ணு புதுசா சேர்ந்திருந்தா. தென்காசிப் பக்கம், வீட்டுல முதல் பட்டதாரி. வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. ஒரு வாடிக்கையாளரோட பில் போடற பெர்ல் ஸ்கிரிப்டை பழைய சர்வர்ல இருந்து புதுசுக்கு மாத்துற வேலையை அவகிட்ட குடுத்தாங்க. மாத்தினா, மாசக் கடைசி மொத்தத்துல பைசா இடிக்குது. ஸ்கிரிப்ட்ல ஒரு எழுத்து மாறலை. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா, நீதான் எதையோ தொட்டிருக்கே" அப்படின்னுட்டார் மேலாளர். ரெண்டு நாள் அவ சரியா சாப்பிடக்கூட இல்லை. "அண்ணா, நான் நிஜமாவே எதையும் தொடலண்ணா"ன்னு என்கிட்ட வந்து நின்னா.

ரெண்டு சர்வர்லயும் பாதியாக்குற ஸ்கிரிப்டை ஓட்டினோம். புதுசுல 52. பழசுல 63! யாரோ ஒரு புண்ணியவான் என்னைக்கோ பழைய பெர்லை 'லாங் டபுள்' வசதியோட கம்பைல் பண்ணி வச்சிருக்கார். அங்க 53 பிட் இல்லை, 64 பிட்.

உடனே எல்லாரும் "அப்ப பழசுதான் சரி, அதுல பிட் ஜாஸ்தி"ன்னாங்க. அங்கதான் விஷயமே இருக்கு.

101 ரூபாய்க்கு ஒரு பில், மொய்ப் பணம் மாதிரி. 5 சதவீத ஜிஎஸ்டியில மத்திய அரசுப் பங்கு இரண்டரை சதவீதம். 101-ஐ 2.5-ஆல பெருக்கி 100-ஆல வகுத்தா 2.525. ரெண்டு தசமத்துக்குச் சுருக்கச் சொன்னா பழைய சர்வர் 2.53-ங்குது, புதுசு 2.52-ங்குது. சரி, இப்ப 89 ரூபாய் பில்லை எடுங்க. வரி 2.225. பழசு 2.22-ங்குது, புதுசு 2.23-ங்குது! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல சறுக்குது.

ஏன் இப்படி? நம்ம தாத்தா காலத்துக் கணக்கை நினைச்சுப் பாருங்க. அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் ரெண்டால வகுத்துக்கிட்டே வந்த பின்னங்கள். பொட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி, துளி பிசகாது. ஆனா மா, அதாவது இருபதில் ஒண்ணு, அதுக்கு முடியாது. மூணில் ஒண்ணை நாம 0.3333-னு எழுதிக்கிட்டே போற மாதிரி அதுவும் எழுதிக்கிட்டே போய், இடம் தீர்ந்ததும் வெட்டிடும். 2.525-க்குப் பக்கத்துல இருக்குற எண்ணைத்தான் வச்சுக்கும். 53 பிட்ல அது ஒரு மயிரிழை கீழ இருக்கு, 64 பிட்ல ஒரு மயிரிழை மேல இருக்கு. பிட் கூடினா மயிரிழை மெலிசாகும், ஆனா மேலயா கீழயாங்கறது அப்பவும் அதிர்ஷ்டம்தான். 1957-ல தசம நாணயம் வராம அணாக் கணக்கே இருந்திருந்தா, பதினாறில் ஒண்ணு பொட்டிக்குள்ள கச்சிதமா உக்காந்திருக்கும் :-)

தீர்வு ரொம்பப் பழசு. காசைப் பைசாவா, முழு எண்ணா வச்சுக்கங்க. 10100 பைசாவை 25-ஆல பெருக்கி, 500 கூட்டி, 1000-ஆல வகுத்து மீதியை விட்டுடுங்க. 253 பைசா. எந்தப் பொட்டியிலயும் 253தான். அரைப் பைசாவை மேல தள்ளணுமா கீழ தள்ளணுமாங்கறதை மனுஷங்க முடிவு பண்ணி எழுதி வைக்கணும், பொட்டி கையில விடக்கூடாது.

இதையெல்லாம் ஒரு பக்கத்துல எழுதி, 101-ஐயும் 89-ஐயும் போட்டு அவளே மீட்டிங்ல விளக்கினா. யாரும் அவகிட்ட மன்னிப்பு கேக்கலை, கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா அடுத்த மாசம் நிரந்தரம்னு கடிதம் வந்துச்சு.

அடுத்த தடவை "பொட்டி தப்பு பண்ணாது"ன்னு யாராச்சும் சொன்னா சண்டைக்குப் போகாதீங்க. நாலு வரி ஸ்கிரிப்டை ஓட்டி, பொட்டியையே பேச விடுங்க.