நெஞ்சில் படிந்த கல்

‘பீடியை விடு’ என்று எனக்குப் புத்தி சொல்லாத டாக்டர் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எத்தனை வருசம் என்று எல்லாம் கேட்பார்கள். சீட்டில் எழுதிக்கொள்வார்கள். ‘என்ன வேலை பார்த்தே?’ என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ‘உங்க ஆளுங்களுக்குச் சொன்னாப் புரியாது’ என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். எங்களுக்குப் புரியும். அவர் கேட்காத கேள்வியும் சேர்த்துப் புரியும்.

சித்தன்னவாசலுக்குப் பக்கத்துக் காலனி எங்களுடையது. பதினாலு வயசில் சம்மட்டி பிடித்தேன். தமர் போட்டேன், வெடி வைத்தேன், லாரிக்கு லோடு ஏத்தினேன். இருபத்திரண்டு வருசம். அப்பாவும் கல்லில்தான் கெடந்தார். வாங்கின முன்பணத்துக்கு வட்டியாகவே அவர் ஆயுசு போச்சு. அம்மா ஜல்லி ஒடச்சாங்க. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் கடைசி ஆறு வருசம் அவங்க இருமின இருமலும் என் இருமலும் ஒண்ணுதான். அம்மாவோட நெஞ்சைக் கெடுத்தது எந்தப் பீடி? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எனக்குப் புத்தி சொல்லட்டும்.

கருங்கல்லுக்குள் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சளியோடு வெளியே வந்துவிடும். தெரியாத தூசிதான் எமன். அது மூச்சுக்குழாயைத் தாண்டி காற்றுப்பை வரைக்கும் போய் உட்கார்ந்து, சதையைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்று பேர். தழும்பை அழிக்க மருந்து கிடையாது. குவாரியை விட்டு வந்த பிறகும் அது வளரும். காசநோயையும் சுலபமாக இழுத்துவரும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். அந்தப் பொடித்தூசிக்குத் துண்டின் இழை ஒரு வாசல், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தமர் போட்டால் தூசி பெருமளவு அடங்கும். தண்ணிக்கும் குழாய்க்கும் முதலாளிக்குச் செலவு. எங்க மூச்சு சும்மா கிடைத்தது.

1923ஆம் வருசத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இந்த நோய் இருந்தது. ஆனால் நஷ்டஈடு கேட்க, இது வேலையால் வந்த நோய் என்று ஒரு டாக்டர் எழுத வேண்டும். ‘பீடி குடிப்பவர்’ என்று எழுதினால் கதை முடிந்தது. நோய் நம்ம கெட்ட பழக்கமாகிவிடும், முதலாளி யோக்கியனாகிவிடுவான். ராஜஸ்தானில் கல்தொழிலாளர்களும் சங்கங்களும் பல வருசம் போராடியதால் 2019இல் அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று வைத்தார்கள். உயிருக்கு அது விலை இல்லை. ஆனால் இது தொழில் கொடுத்த நோய் என்று ஒரு அரசு ஒத்துக்கொண்டிருக்கிறது.

எங்க மலையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் தாமரைக்குள ஓவியம் இருக்கிறது. மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்கு வழுவழு என்று செதுக்கிய 17 கல்படுக்கைகள் இருக்கின்றன. இதுபோன்ற சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் கல் வெட்டக்கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்குள் அனுமதி வாங்க வேண்டும் என்று மத்திய அரசு 1992இல் அறிவித்தது. நல்ல காரியம். ஓவியத்துக்கு எல்லைக்கல் நட்டாச்சு. கல் ஒடைக்கிறவன் நுரையீரலுக்கு எத்தனை மீட்டர்?

இதெல்லாம் சொல்லிவிட்டு, அப்ப பீடி குடிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்ம தோழர்கள் சிலர் அப்படித்தான் நிறுத்திக்கொள்கிறார்கள்.

பீடி எங்களுக்கு என்னவாக இருந்தது என்று முதலில் பார்க்கணும். அப்பா காலத்தில் ஊர்க்காரன் எதிரே வந்தால் பீடியைக் கைக்குள் மறைக்கணும், துண்டை இடுப்பில் கட்டணும். நாங்கள் தலையெடுத்த பிறகுதான் அவன் எதிரிலேயே நின்று பற்றவைத்தோம். அந்தப் புகையில் ஒரு ரோசம் இருந்தது. குவாரியில் சும்மா உட்கார்ந்தால் மேஸ்திரி அம்மா பேரைச் சொல்லித் திட்டுவான். பீடி பிடிக்க உட்கார்ந்தால் விட்டுவிடுவான். எங்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நெருப்பு எரிகிற வரைக்கும்தான்.

ஆனால் நுரையீரலுக்கு ரோசம் தெரியாது. பீடியில் புகையிலை கொஞ்சம்தான். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கணும், அதனால் சிகரெட்டைவிட விசம் குறைவில்லை. தூசி பாதி நெஞ்சைத் தின்றுவிட்டது. மிச்சப் பாதியைப் பீடிக்குக் கொடுத்தால் முதலாளிக்குத்தான் சாட்சி சொன்ன மாதிரி.

பீடி எனக்குக் கொடுத்தது ரெண்டு: நிகோடின், அஞ்சு நிமிச ஓய்வு. ரெண்டுக்கும் மாற்று வைத்துத்தான் விட்டேன். நிகோடினுக்கு மருந்துக்கடை சூயிங்கம்மை மெல்ல மெல்லக் குறைத்தேன், வாய்க்குக் கிராம்பு. ஓய்வை மட்டும் விடவில்லை. அதே நேரத்துக்கு அதே மரத்தடியில் உட்கார்ந்தேன், பீடி இல்லாமல். ஆசை வந்தால் சில நிமிசத்தில் அடங்கும். அதுவரை தாக்குப்பிடிக்கணும். முதல் ரெண்டு வாரம் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அப்புறம் தணிந்தது. பீடிக்கட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். போன நுரையீரல் திரும்பாது. ஆனால் விட்ட நாளிலிருந்து தேய்வது மெதுவாகும். அதுவே லாபம்.

மூச்சு முட்டும்போது மூக்கால் ரெண்டு எண்ணி இழுத்து, அடுப்பு ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நாலு எண்ணி விடுகிறேன். குறுகிய குழாய் மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேற இது உதவுகிறது. தினமும் கொஞ்சம் நடக்கிறேன், மூச்சு வாங்கினால் நின்று, மறுபடி நடந்து. பெரிய ஆஸ்பத்திரிகளில் இதையே பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எங்க பாட்டி ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். அதிலிருக்கும் வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் சளியை இளக்குகிற ப்ரோம்ஹெக்சின் மாத்திரையே உருவானது. நம்ம பாட்டிகளின் அறிவு சாமானியமில்லை. ஆனால் ஆடாதோடை சளியைத்தான் இளக்கும், கல்லைக் கரைக்காது. நுரையீரலைக் கழுவித் தருகிறேன் என்று லேகியம் விற்கிறவனை நம்பி இன்ஹேலரைத் தூக்கி எறியாதீர்கள். ஊமத்தை இலையைப் புகைக்கச் சொல்கிற பழைய வைத்தியமும் வேண்டாம். அது விசம், அதுவும் புகைதான்.

நம்ம இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கல்லில் வேலை பார்த்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரே, ஊதிப்பார்க்கிற சோதனை, சளிச் சோதனை மூன்றையும் கேளுங்கள். ‘இத்தனை வருசம் கல்குவாரி வேலை’ என்று சீட்டில் எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். ஒரு வரிதான். ஆனால் நாளைக்கு நஷ்டஈடு கேட்கவும், செத்தவர்களைக் கணக்கெடுக்கவும் அந்த ஒரு வரி வேணும்.

பீடியை நாங்கள் விட்டுவிடுகிறோம். அது எங்கள் கையில் இருக்கிறது. தூசி எங்கள் கையில் இல்லை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்களைக் கேட்கவும் கத்தவும் மூச்சு வேணும். அதுக்காகத்தான் பீடியை விட்டேன்.